புரியின் அழகு

குற்றாலத்து ஐந்தருவியைச் சாரல் நாளில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒன்றாக வந்த நீர் ஐந்து கிளையாகக் கொட்டும் கோலத்தில் நெஞ்சு மயங்கும். எந்தக் கிளைக்கு எவ்வளவு என்று பாறை பங்கிடும் நேர்த்தியோ அதைவிட அழகு. நீர் குறைந்தால் சில கிளைகள் வற்றிவிடும், ஒன்றிரண்டு மட்டும் விழும். அந்த ஏற்றத்தாழ்வுகூட வராமல் மின்சாரத்தைப் பங்கிடும் கலை ஒன்று, கடுங்குளிரில் மின்தடையே இழந்துவிடும் மீக்கடத்தி மின்வடத்துக்குள் இருக்கிறது.

முதலில் அதன் நாடாவை ரசிப்போம். அகலம் 4 மில்லிமீட்டர். அதில் மின்சாரத்தைச் சுமக்கும் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிர்ந்ததும், இந்த மெல்லியல் நூறு ஆம்பியரை மின்தடையின்றி ஏந்திக்கொள்கிறது!

இத்தகைய நாடாக்களை அடுக்கடுக்காகச் சுற்றுவதில்தான் நயமே இருக்கிறது. மின்தடை இல்லாத இடத்தில் எந்த அடுக்குக்கு எவ்வளவு பங்கு என்பதை மின்தூண்டல்தான் முடிவு செய்கிறது. நாடா ஒரு முழுச் சுற்று வரும் நீளமே புரியிடைத் தூரம்; எல்லா அடுக்கையும் ஒரே புரியிடைத் தூரத்தில் சுற்றினால் வெளியடுக்கு பெரும்பங்கை வாரிக்கொள்ளும். உள்ளடுக்குகள் சும்மா கிடக்கும். வரம்பு மீறிச் சுமந்த அடுக்கு மீக்கடத்தும் குணத்தையே இழந்துவிடும். அதனால் ஓரடுக்கை நெருக்கியும் ஓரடுக்கைத் தளர்த்தியும், ஒன்றை வலம்புரியாகவும் மற்றொன்றை இடம்புரியாகவும் சுற்றி, எல்லா அடுக்கும் ஒத்த பங்கு சுமக்கும்படி அமைக்கிறார்கள். சுவிட்ச் இல்லை, கருவி இல்லை. சுற்றிய சாய்வே மின்சாரத்தை ஆள்கிறது. எத்தனை மென்மையான ஆட்சி!

வெளியுறையின் பண்பும் இனியது. 2008-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இயங்கத் தொடங்கிய 138 கிலோவோல்ட் வடத்தில், மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு பேஸையும் மீக்கடத்தி உறை ஒன்று தழுவியிருந்தது. உள்ளே ஓடும் மின்சாரத்துக்கு எதிராக உறையில் தூண்டப்படும் மின்சாரம், காந்தப்புலத்தை வெளியே கசியவிடாமல் அடக்கிவிடும். 2014-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் இட்ட ஒரு கிலோமீட்டர் வடத்திலோ மூன்று பேஸும் ஒரே மையத்தைச் சூழ்ந்து ஒன்றையொன்று சமன் செய்தன. 10 கிலோவோல்ட்டில் 40 மெகாவாட்டைக் கொண்டுசெல்ல வல்லதாக இருந்தது அந்த வடம்.

ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் சுழலும் தென்காசிக் காற்றாலைகளின் மின்சாரம் இன்றும் அலுமினியக் கம்பியில்தான் போகிறது. அந்தக் கம்பியே அதற்குப் போதும். ஆனால் மின்வடத்தில் கைத்திறன் எது என்று கேட்டால், அந்தப் புரியைத்தான் காட்டுவேன்.