பாடத்தளமாக வலைப்பதிவு: மாணவர் எழுத்தும் துறையின் பொறுப்பும்

முன்னுரை

பல்கலைக்கழகப் பாடங்களுக்கு வலைப்பதிவு அமைத்து, அதில் பாடக்குறிப்புகளை இடுவதும் மாணவர்தம் கட்டுரைகளை வெளியிடச் செய்வதும் 2000களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய வழக்கமாகும். 1999இல் பிளாகரும் 2003இல் வேர்ட்பிரஸும் வெளிவந்தபின், நிரலாக்கம் அறியாத விரிவுரையாளரும் ஒரு மாலைப்பொழுதிற்குள் தம் பாடத்திற்கெனத் தளம் ஒன்றை அமைத்துக்கொள்ள முடிந்தது. தமிழ்த்துறைகளுக்கு இதன் பயன் இருமடங்கு. தமிழுக்குப் பல்வேறு எழுத்துருக் குறியீடுகள் வழங்கிய நிலையில், எழுதியவர் கணினியிலிருந்த எழுத்துரு படிப்பவர் கணினியிலும் இருந்தாலன்றிக் கட்டுரையைப் படிக்க இயலாதிருந்தது. ஒருங்குறி பரவலான அதே ஆண்டுகளில் வலைப்பதிவும் பரவியமையால், மாணவர் தமிழில் எழுதியதை எந்நாட்டிலிருப்பவரும் தமிழிலேயே படிக்கும் நிலை உருவாயிற்று.

இவ்வழக்கத்தை மதிப்பிடும்போது மாணவர் ஆர்வம், பங்கேற்பு, தட்டச்சுத் திறன் ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் அளவிடுகிறோம். பருவம் முடிந்தபின் அவ்வெழுத்துகள் என்னவாயின என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அவ்வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். மாணவர் எழுத்தை வலைப்பதிவில் இடச்செய்வது இடுபணியைப் பெற்றுக்கொள்ளும் மற்றொரு முறையன்று. அது பதிப்புப் பணியாகும். பதிப்பாளருக்குரிய கடமைகளை ஏற்க முன்வராத துறை அக்கருவியைக் கையாளுதல் தகாது என்பதே நம் கருத்து.

ஒற்றை வாசகருக்கு எழுதுதல்

மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்புக் காலத்தில் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலானவற்றிற்கு விரிவுரையாளர் ஒருவரே வாசகர். அவரும் புள்ளி வழங்கும் பொருட்டே படிக்கிறார். இவ்வாறு எழுதப்பட்டு, மதிப்பிடப்பட்டு, பின் எவர்க்கும் பயனின்றி ஒழியும் பணிகளை அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி 2013இல் 'எறிந்துவிடும் இடுபணிகள்' என்னும் பொருள்படச் சுட்டினார். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடுல் முதலிய கற்றல் மேலாண்மைத் தளங்கள் காகிதத்தை நீக்கினவேயன்றி இந்நிலையைப் பெரிதும் மாற்றவில்லை. பருவம் முடிந்ததும் பாடப்பக்கம் மூடப்படுகிறது. முந்தைய ஆண்டு மாணவர் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர் காண்பதில்லை. எனினும், புள்ளி விவரங்களை மறைவாகக் காப்பதிலும், பிழைக்கு அஞ்சும் மாணவருக்குப் பாதுகாப்பான இடம் அளிப்பதிலும் மூடிய தளங்களுக்குள்ள பயனை மறுப்பதற்கில்லை.

வலைப்பதிவு மாணவருக்கு இரண்டாம் வாசகரைத் தந்தது. தம் பழைய பள்ளியாசிரியரோ, தாம் விமர்சிக்கும் எழுத்தாளரோ தம் கட்டுரையைப் படிக்கக்கூடும் என அறிந்த மாணவர் வேறுவகையாக எழுதுகிறார். மேற்கோளைச் சரிபார்க்கிறார், 'இக்கதை மிகச் சிறப்பாக அமைந்துள்ளது' என்னும் வெற்றுத் தொடரை எழுதத் தயங்குகிறார்.

நம் வட்டாரத்திற்கு இவ்வெண்ணம் புதியதன்று. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளராகத் திகழ்ந்த நா. கோவிந்தசாமி, 1995இல் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றும் முன்னோடிப் பணியில் ஈடுபட்டார். 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டிற்கும் உழைத்தார். ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவரே இங்குத் தமிழை இணையத்திற்குக் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் என்பது எண்ணத்தக்கது. அவர் வழிவந்த நாம் இணையத்தை இடுபணிப் பெட்டியாகச் சுருக்கிவிடுதல் பொருந்தாது.

மேரி வாஷிங்டன் காட்டிய வழி

இத்துறையில் விரிவாகப் பேசப்படும் முயற்சி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினுடையதாகும். அங்கு 2007இல், பல பயனர் தளங்களை ஒரே நிறுவலில் தாங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளைக் கொண்டு, ஆசிரியர், மாணவர் அனைவரும் வலைப்பதிவு தொடங்கத்தக்க பொதுத்தளம் அமைக்கப்பட்டது. ஜிம் குரூம் உள்ளிட்ட கல்வித் தொழில்நுட்பவியலார் இதற்கு உழைத்தனர். இம்முயற்சியின் நுட்பம் பாடத்தளத்தின் அமைப்பிலேயே உள்ளது. மாணவர் தம் சொந்தப் பதிவில் எழுதுவார். செய்தியோடை வழியாக அதன் படி பாடத்தளத்தில் வந்து சேரும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியை அறிந்தோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். பாடத்தளம் திரட்டியாக நிற்க, மூல எழுத்து மாணவர் கையிலேயே இருந்தது.

அப்பல்கலைக்கழகம் 2013இல் இதனை மேலும் விரித்து, மாணவர்க்குச் சொந்த இணையப் பெயரும் சேமிப்பிடமும் வழங்கும் திட்டத்தை முழு அளவில் செயற்படுத்தியது. வர்ஜீனியா உல்ஃபின் நூற்பெயரைத் தழுவி இதற்குப் பெயரிடப்பட்டமை பொருத்தமே. எழுதுவோர்க்குத் தமக்கென ஓர் இடம் வேண்டும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை. ஆயினும் இத்திட்டத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. பட்டம் பெற்றபின் அப்பெயரைத் தக்கவைக்க மாணவரே ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்தாதவர் எழுத்து மறையும். உரிமை மாணவருக்குக் கிடைத்தது. காக்கும் சுமையும் உடன் சென்றது. நூலகம் செய்ய வேண்டிய பணியைத் தனிமனிதர் செய்ய இயலாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

நம் வகுப்பில் கண்ட குறைகள்

பிறர் முயற்சியை மதிப்பிடும் நாம் நம் பிழையையும் கூறுதல் முறை. தற்கால இலக்கியப் பாடத்திற்கு நாம் இலவசத் தளமொன்றில் வலைப்பதிவு அமைத்தபோது, வாரத்திற்கு ஓர் இடுகை, மூன்று பின்னூட்டம் என வகுத்துப் புள்ளி வழங்கினோம். விளைவு விரைவில் தெரிந்தது. 'நன்று தோழி, தொடர்ந்து எழுதுக' என்னும் பின்னூட்டங்கள் ஞாயிறு நள்ளிரவில் வரிசையாக வந்தன. எண்ணிக்கைக்குப் புள்ளி அளித்தவுடன் இரண்டாம் வாசகர் மறைந்து, அவ்விடத்தில் மீண்டும் தேர்வாளரே வந்தமர்ந்தார்.

இதனினும் பெரிய பிழைகள் பின்னரே தெரிந்தன. மாணவி ஒருவர் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் வரும் லயத்து வீடுகளைத் தம் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்துடன் ஒப்பிட்டு எழுதினார். தந்தையின் குடிப்பழக்கம் பற்றிய இரு பத்திகள் அதில் இருந்தன. அவ்வகுப்பின் மிகச் சிறந்த கட்டுரை அதுவே. நாம் உயர்புள்ளி வழங்கியதோடு முகப்பிலும் இட்டோம். சில ஆண்டுகளுக்குப்பின் அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரானார். மாணவரின் பெற்றோர் ஒருவர் இணையத்தில் அவர் பெயரைத் தேட, அக்கட்டுரை முதலில் வந்து நின்றது. நீக்கித் தருமாறு அவர் நமக்கு எழுதினார். தளத்தின் கணக்கோ, பணியிலிருந்து விலகிவிட்ட உதவியாளர் ஒருவரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தது. கடவுச்சொல்லை அறிந்தவர் துறையில் எவருமிலர். அதனை நீக்க ஏழு மாதங்கள் ஆயின.

அதே தளத்தில் மற்றொரு மாணவர், தோட்டத்து நாடகங்களில் நடித்த முதியவர் ஒருவரைப் பேட்டி கண்டு ஒலிப்பதிவை இணைத்திருந்தார். ஒலிக்கோப்பு வேறொரு இலவசச் சேமிப்பகத்தில் இருந்தது, அச்சேமிப்பகம் மூடப்பட்டது. அம்மாணவரிடமும் நம்மிடமும் படி இல்லை. அக்கலைஞரும் இன்று இல்லை.

நீக்க வேண்டியது நீங்கவில்லை. காக்க வேண்டியது காக்கப்படவில்லை. இவ்விரண்டிற்கும் காரணம் கருவியன்று. நாம் பதிப்பித்தோம், பதிப்பாளராக நடந்துகொள்ளவில்லை.

மூடிவிடுதல் தீர்வாகுமா?

இத்தகைய இடர்களைக் கண்டு அனைத்தையும் மூடிய தளத்திற்குள் கொண்டுசெல்வதே நன்றெனக் கருதுவோர் உளர். 2011இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் இவ்வழியையே மேற்கொண்டது. பாடங்களுக்கான விக்கித் தளங்களில் மாணவர் பெயர் காணப்படுவது, அவர் இன்ன பாடம் பயின்றார் என்பதை வெளிப்படுத்தும்; எனவே 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டத்திற்கு மாறாகும் எனக் கொண்டு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த பக்கங்களை அது அகற்றியது. மாணவி ஒருவரின் துயரை அறிந்த நாம் இவ்வச்சத்தை எள்ளமாட்டோம். எனினும், தனியுரிமையைக் காக்கப் பெயரை மறைத்தாலே போதுமாயிருக்க, எழுத்தையே அழிப்பது மிகை.

மூடிய தளம் நிலையானது எனும் எண்ணமும் சரியன்று. நம் நாட்டுப் பள்ளிகள் 2019இன் நடுவில் ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளத்தை விட்டுக் கூகுள் வகுப்பறைக்கு மாறியதை ஆசிரியர்கள் அறிவர். திறந்த தளங்களிலும் ஜியோசிட்டீஸ் 2009இலும், போஸ்டரஸ் 2013இலும், டைப்பேட் 2025இலும் மூடப்பட்டன. ஆசிரியர் பலர் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் தொடங்கிப் படிப்படியாக மறைந்தது. ஆகவே திறந்ததா, மூடியதா என்பதைவிட, தளம் மறைந்தபின் எஞ்சுவது யாது என்பதே முதன்மையான வினா.

பதிப்பாளரின் கடமைகள்

முதலாவது, இசைவு. வெளியிடுவதற்கும் புள்ளிக்கும் தொடர்பு இருத்தலாகாது. மாணவர் சொந்தப் பெயரிலோ, புனைபெயரிலோ, வகுப்பாருக்கு மட்டுமோ எழுதத் தெரிவு அளிக்க வேண்டும். அத்தெரிவைப் பின்னர் மாற்றிக்கொள்ளவும் உரிமை வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாணவர் தாமே எழுதிய கட்டுரைக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். துறை அதனைக் கடனாகவே பெறுகிறது.

இரண்டாவது, செம்மையாக்கம். முதல் வரைவை வகுப்பிற்குள் படித்து, பின்னூட்டம் பெற்று, திருத்திய வடிவத்தையே வெளியிடுதல் நன்று. குடும்பத்தாரைப் பற்றிய செய்தி இருப்பின், அதனை வெளியிடல் தகுமா என மாணவரோடு அமர்ந்து பேசுவதும் இதில் அடங்கும். 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், முடிந்த கட்டுரை மட்டும் மாணவர் உழைப்பிற்குச் சான்றாவதில்லை. வரைவுகளின் வரிசையே அவ்வுழைப்பைக் காட்டும்.

மூன்றாவது, காப்பு. தளத்தின் கணக்கு துறையின் மின்னஞ்சலில் இருத்தல் வேண்டும். இருவராவது அதன் பொறுப்பாளராதல் வேண்டும். பருவந்தோறும் தளத்தின் படியை எடுத்து நூலகத்தில் சேர்க்க வேண்டும். இங்கு ஒன்றைக் கவனித்தல் நன்று. வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் இடுகையும் பின்னூட்டமும் அடங்கும். படங்களுக்கோ முகவரி மட்டுமே இருக்கும். ஏற்றுமதி செய்துவிட்டோம் என்று அமைதிகொண்டால் படமும் ஒலியும் இழக்கப்படும். அவற்றைத் தனியே படியெடுத்தல் இன்றியமையாதது.

நான்காவது, தொடர்ச்சி. முந்தைய ஆண்டின் கட்டுரையை அடுத்த ஆண்டு மாணவர் படித்து, ஏற்றோ மறுத்தோ எழுதுதல் வேண்டும். இரண்டாம் வாசகர் உலகின் மறுமுனையில் இருக்க வேண்டுவதில்லை. ஓராண்டு இளையவராக இருந்தாலே போதும்.

முடிவுரை

வலைப்பதிவு பழையதாகிவிட்டது, மாணவர் முகநூலையும் கடந்து சென்றுவிட்டனர் என்பர். கருவி பழையதாகலாம், மாணவர் எழுத்திற்கு வாசகர் வேண்டும் என்னும் தேவை பழையதாவதில்லை. தோட்டத்து லயங்கள் மறைந்துவரும் இந்நாட்டில், அவற்றைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் எழுதும் கட்டுரைகள் வெறும் இடுபணிகள் அல்ல. நாளைய ஆய்வாளருக்கு அவை மூலச்சான்றுகள். அவற்றுள் எதனைக் காப்பது, எதனை எழுதியவர் விருப்பப்படி மறைப்பது என்பதைத் தளத்தின் உரிமையாளர் முடிவு செய்தல் கூடாது. அது துறையும் மாணவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அடுத்த பருவத்திற்குப் பாடத்தளம் அமைக்க எண்ணும் விரிவுரையாளர், வடிவமைப்பைத் தேர்வதற்கு முன், நூலகரையும் மாணவரையும் ஒருமுறை கலந்து பேசுவாராக.