பிள்ளைகளோடு வரலாம்

மடிக்கணினியில் வெளிநாட்டு வேலையைப் பார்த்தபடி ஓராண்டு தங்கலாம் என்று 2020-இல் பார்படாஸ் 'வெல்கம் ஸ்டாம்ப்' விசாவை அறிவித்தபோது எனக்கும் ஆசை வந்தது. ஆண்டு வருமானம் 50,000 டாலர் என்றதும் போய்விட்டது. ஆனாலும் நிபந்தனைகளை ஒரு பிரதியாக வாசித்தேன். துணையும் பிள்ளைகளும் உடன் வரலாம். குடும்பத்துக்குக் கட்டணம் 3,000 டாலர். வந்த இடத்தில் சமைப்பது, பிள்ளை பார்ப்பது யார் என்று அது கேட்கவில்லை.

இதனருகில் இன்னொரு பட்டியலை வைக்க வேண்டும். 1955-இல் இதே தீவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் கனடா பெண்களை வீட்டுவேலைக்கு எடுத்தது. வயது 18 முதல் 35, மணமாகாதவள், பிள்ளை இல்லாதவள். 'டிஜிட்டல் நாடோடி' போன்ற செல்லப்பெயர் எதுவும் அவளுக்கு இல்லை. பின்னாளில், பிள்ளைகளை மறைத்துக் கனடா போய், பிறகு அவர்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்த ஏழு ஜமைக்கத் தாய்மாருக்கு நாடுகடத்தல் உத்தரவு வந்தது.