ஆறு பேர் கையெழுத்து

படிப்பு முடிகிற மாதத்தில் கைமாறும் ஆட்டோகிராப் நோட்டுகளில் நயம் பார்க்க ஒன்றும் இருக்காது. எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் ஒரே ஆளாகிவிடுவார்கள். அலை, கரை, பறவை, பிரிவு என்று நாலைந்து சொல்லை மாற்றி மாற்றி அடுக்கி, கீழே ஒரு பூ வரைந்து கொடுத்துவிடுவார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. 2005 ஏப்ரலில் வாங்கியது, பக்கத்துக்கொரு நிறம். பெயரை மறைத்துவிட்டு இது யார் எழுதியது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

அதே ஆண்டு ஜனவரியில் என் கைக்கு வந்த ஆறு நோட்டுகள் வேறு. ஒன்றிலும் பெயர் இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஆளைச் சொல்லிவிடுவேன்.

நாங்கள் நாகர்கோவில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் 2003 முதல் 2005 வரை எம்.ஏ. தமிழ் படித்தோம். 1952-இல் தொடங்கிய கல்லூரி. தொடங்கியபோது ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர இன்னும் நாலு வருடம் கிடந்தது. எங்களுக்குப் பட்டம் கொடுத்தது திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். நாடகம் எழுதிய ஒருவரின் பெயரோடு அந்த நாடகத்தின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிற பல்கலைக்கழகம் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. தமிழ் படிக்கப் போனவர்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை இருந்தது.

வகுப்பில் எங்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் குளச்சல். மற்றவர்கள் பூதப்பாண்டி, குலசேகரம், கருங்கல், திங்கள்சந்தை, தேங்காப்பட்டணம். தேரூரிலிருந்து வந்தவர் மட்டும் அக்கா. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு படிக்க வந்தவர். வருகைப் பதிவு எடுக்கும்போது பேராசிரியருக்கே வாயில் ‘அக்கா’ என்று வந்து, வகுப்பு சிரித்து அடங்கப் பத்து நிமிடம் ஆனதுண்டு.

பி.ஏ. சிநேகிதம் வேறு, எம்.ஏ. சிநேகிதம் வேறு. இளங்கலையில் ஒன்றாக வளர்கிறோம். ஒருவர் பழக்கம் ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும். முதுகலைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே ஆளாகி வருகிறார்கள். அவரவருக்கு ஒரு நடை, ஒரு பிடிவாதம், ஒரு கையெழுத்து வந்திருக்கும். இனி மாறமாட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து ரசிக்க முடிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தாலே தெரியும். கருங்கலிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தியும் வரும். பூதப்பாண்டி கொண்டுவரும் தீயல் கறுத்து, எண்ணெய் தெளிந்து நிற்கும். தேங்காப்பட்டணம் வெள்ளிக்கிழமைகளில் ஒரட்டி கொண்டுவருவாள். எனக்கு வீட்டில் நெத்திலி வறுத்துக் கட்டிவிடுவார்கள். பூதப்பாண்டி சைவம், ஆனாலும் என் பக்கத்தை விட்டு எழுந்து போனதில்லை. இடது கையால் மூக்கைத் தடவுகிற மாதிரி மறைத்துக்கொண்டே வலது கையால் சாப்பிட்டு முடிப்பான். அந்த மரியாதைக்கு எந்த இலக்கணத்தில் பெயர் இருக்கிறதோ!

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அன்று காலையில் சுனாமியில் நடந்ததை எங்கள் ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரு காலத்தில் வள்ளம் போகவர வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் ஊரை ஒட்டிக் கிடக்கிறது. ஓடியவர்களில் எத்தனையோ பேரால் அதைத் தாண்ட முடியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உயிர் மிஞ்சியது. அதைத் தவிர மற்றது பெரும்பாலும் போயிற்று, என் நோட்டுகள் உட்பட. நோட்டு போனதைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. நினைத்தவர்கள் அந்த ஆறு பேர்.

ஒன்றரை வருடப் பாடம். ஜெராக்ஸ் எடுத்தால் அரை நாள் வேலை. குலசேகரம் அப்படித்தான் சொன்னானாம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “ஜெராக்ஸ்ல படிச்சா மண்டையில ஏறாது மக்களே. ஆளுக்கு ஒரு பேப்பர் எழுதுவோம். அவளுக்கு நோட்டு ஆச்சு, நமக்கும் ஒரு தடவை படிச்ச மாதிரி ஆச்சு” என்றாராம். இந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். இதில் தியாகம் என்ற வாடையே இல்லை. பொங்கல் கழிந்து நான் வகுப்புக்குப் போன அன்று, துணிக்கடைப் பை ஒன்றில் ஆறு நோட்டையும் போட்டு டெஸ்கில் வைத்திருந்தார்கள். யாரும் எடுத்துக் கையில் தரவில்லை. “அது உனக்குள்ளது, கேட்டியா?” என்று சொல்லிவிட்டுக் கருங்கல் கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

பிளஸ் டூ தமிழ்த்தாளில் ஒரு பாட்டைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வார்கள். திரண்ட கருத்து, எதுகை, மோனை, அணி என்று வரிசையாக எழுதி மார்க்கு வாங்கிய பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதே கண்ணோடுதான் இந்த நோட்டுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பக்கத்தின் உச்சியைப் பாருங்கள். பூதப்பாண்டி நோட்டில் ‘உ’. தேங்காப்பட்டணம் நோட்டில் ‘786’. கருங்கல் நோட்டில் சின்னதாக ஒரு சிலுவை. பரீட்சைத் தாளில் இதெல்லாம் போடக்கூடாது என்று துறைத்தலைவர் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். பரீட்சைத் தாளில் போட முடியாததை எல்லாம் என் நோட்டில் போட்டுத் தீர்த்திருந்தார்கள்.

பூதப்பாண்டிக்குக் கிடைத்தது சொல்லதிகாரம், சேனாவரையர் உரை. யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள். அவன் கேட்டு வாங்கியிருக்கிறான். மைப்பேனாவால் எழுதியது. அவன் வைக்கிற புள்ளி ஒவ்வொன்றும் உருண்டையாக, நடுவில் மை நிறையாத சின்ன வட்டமாக இருக்கும். ஒரு பக்கத்தில் முந்நூறு மெய்யெழுத்தாவது வரும், அத்தனைக்கும் வட்டம். அடித்தல் திருத்தல் ஓரிடத்தில்கூட இல்லை. பிழை வந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறான் என்பது நோட்டின் நடுத்தையலைப் பார்த்தால் தெரியும். சில இடங்களில் எதிர்ப்பக்கத் தாள் ஒற்றையாகத் தொங்குகிறது. சேனாவரையர் பிறரை மறுக்கிற இடம் வந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு. பூதப்பாண்டி பொதுவாகச் சண்டைக்குப் போகாதவன், ஆனால் உரையாசிரியர்கள் சண்டை போட்டால் கிட்டப் போய் நின்று பார்ப்பான்.

குலசேகரம் எழுதியது நாட்டுப்புறவியல். அவன் வீட்டில் ரப்பர் உண்டு. வெள்ளாப்புக்கு முன்னால் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு பால் வெட்டிவிட்டு, குளித்து, பஸ் பிடித்து முதல் மணிக்கு வந்துவிடுவான். இரண்டாவது மணியில் தூங்குவான். அவன் எழுத்து இடமிருந்து வலமாக ஒரே சீராகச் சரியும், ரப்பர் மரத்தில் கத்தி போட்ட தடம் மாதிரி. சில தாள்களின் விளிம்பில் பால் பட்டுக் காய்ந்து பழுப்பேறிய வட்டம் இருக்கிறது; விரலால் தடவினால் இன்றும் லேசாக இழுபடும். வில்லுப்பாட்டு என்ற தலைப்பின் கீழ் சார் சொன்னதைவிட இரண்டு பக்கம் கூடுதலாக இருக்கிறது. குடம் எப்படிப் பிடிப்பது, வீசுகோல் எப்படி விழும், பின்பாட்டுக்காரர் எங்கே ‘ஆமா’ போடுவார் என்றெல்லாம் எழுதி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘இது நான் சொன்னது, சார் சொல்லவில்லை’ என்று போட்டிருக்கிறான். சான்று காட்டுவதில் அவ்வளவு நேர்மையைப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

கருங்கல் எழுதியது ஒப்பிலக்கியம். தெளிவான, அழகான, பள்ளிக்கூட டீச்சர் எழுத்து. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவளைப் பற்றியும் அப்படித்தான். பிழையில்லாத மனிதர்களிடம் ரசிக்கக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கிறது.

அக்காவின் திறனாய்வு நோட்டைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஒரு வாக்கியம் நீல மையில் தொடங்கிக் கறுப்பு மையில் முடியும். நடுவில் குழந்தை அழுதிருக்கும். ‘உள்ளடக்கமும் உருவமும் ஒன்றையொன்று’ என்பதோடு ஒரு வரி நிற்கிறது. அடுத்த வரியில் பயனிலை வரவில்லை, புதிய பத்தி வந்துவிட்டது. மெய்ப்பாடு பற்றிய பக்கத்தில் சிவப்பு மெழுகுக் கிறுக்கல் ஒன்று மேலிருந்து கீழாக ஓடுகிறது. அக்கா அதை அழிக்கப் பார்க்கவில்லை, அதைச் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கிறுக்கல் இடதுபக்கம் வீங்குகிற இடத்தில் வரிகள் குறுகுகின்றன, மெலிகிற இடத்தில் நீள்கின்றன. இந்த ஒரு பக்கத்துக்காகவே அந்த நோட்டை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

தேங்காப்பட்டணம் எழுதியது சங்க இலக்கியம். தோப்பில் முகமது மீரானின் ஊர்க்காரி என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் திட்டக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டு, “எங்க உம்மும்மா சும்மா சொல்ற கதைக்கு உங்க யுனிவர்சிட்டில மார்க்கு” என்று சிரிப்பாள். எழுத்து பொடியாக இருக்கும். ஒரு வரிக் கோட்டுக்குள் இரண்டு வரி எழுதுவாள், தாள் வீணாகக்கூடாது. வகுப்பில் எங்கள் பேராசிரியர் அகப்பாடல்களை நெய்தலிலிருந்துதான் தொடங்கினார். கடற்கரைப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டே நடத்தலாம் என்பது அவர் கணக்கு. புன்னை எப்போது பூக்கும், சுறா வலையை எப்படிக் கிழிக்கும் என்று எங்களைத்தான் எழுப்பிக் கேட்பார். ஆனால் அவள் எழுதித் தந்த நோட்டு குறிஞ்சியில் தொடங்குகிறது. பிறகு முல்லை, மருதம், பாலை. நெய்தல் நோட்டிலேயே இல்லை. தனித் தாள்களில் எழுதி, இரண்டாக மடித்து, பின்னட்டைக்குள் வைத்து ஒரு குண்டூசி குத்தியிருந்தாள்.

அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம்தான் ஊசியை எடுத்தேன். உள்ளே மற்றப் பாடல்களுக்கு எழுதிய அதே பொடி எழுத்து, அதே நெருக்கம். தாளைச் சிக்கனம் செய்கிற அந்தப் பிள்ளை இங்கே மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் புதுப்பக்கம் எடுத்திருந்தாள். ஒரு பாட்டைப் படித்துவிட்டு வேண்டுமானால் மூடி வைக்கலாம், அடுத்தது கண்ணில் படாது. குண்டூசி துருப்பிடித்த இரண்டு புள்ளி பின்னட்டையில் இருக்கின்றன. நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுகிறோம். இரங்குவது எப்படி என்பதற்கு எனக்குக் கிடைத்த உரை அந்தப் பின்னட்டைதான்.

கடைசி மாதங்கள் வேகமாக ஓடின. திட்டக்கட்டுரை, டி.டி.பி. கடை, ஒற்றுப்பிழை, ரெக்ஸின் அட்டை, வாய்மொழித் தேர்வு என்று எல்லாருக்கும் நடப்பதே நடந்தது. என் தலைப்பு வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு. தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒரு பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். எனக்குக் குரல் வரவில்லை. கதவுக்கு வெளியே அடுத்த ஆளாகக் காத்து நின்ற குலசேகரம், நான் அவனுக்குப் பாடிக் காட்டியிருந்த பாட்டை அங்கிருந்தே எடுத்துவிட்டான். மலையோரத்துக்காரன் பாடிய கடல் பாட்டு அன்று மெட்டுத் தவறித்தான் போனது. அவருக்கு அது தெரியவில்லை, தலையாட்டி ரசித்தார்.

ஆறாவது நோட்டு திங்கள்சந்தையுடையது. யாப்பருங்கலக்காரிகை. எங்களில் சோம்பேறி என்று பெயர் எடுத்தவன். அவனுக்குப் பாடத்தைவிடக் கேள்வித்தாள் மனப்பாடம். பழைய தாள்களை வைத்துக்கொண்டு சோழி போட்டுப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். அந்தக் கணக்கை நோட்டு முழுக்க எனக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறான். ‘இது வரும்’, ‘இது வராது’, ‘இது வந்தாலும் சாய்ஸில் விடு’ என்று ஓரமெல்லாம் தீர்ப்பு. வெண்பாவுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டு உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறான், தளை தட்டுகிற இடங்களைத் தனியாகக் காட்டி. அதில் அவனுக்கு உண்மையான ஆசை இருந்தது, ஒளித்துத்தான் வைத்திருந்தான். உறுப்பியல் முழுதாக இருக்கிறது. செய்யுளியல் முக்கால்வாசி. அதற்கப்புறம் ஒரு தாளின் உச்சியில் ‘ஒழிபியல்’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருக்கிறான். அதன் கீழே ஒன்றுமில்லை. நோட்டின் மீதிப் பக்கம் அத்தனையும் வெள்ளை.

இப்போது அவன் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலகிடக் கற்றுக்கொடுக்கிறான். கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், எல்லாரும் இருக்கிற பந்தியில் வைத்தே, “லேய், என் ஒழிபியல் எங்க?” என்று கேட்பேன். இருபது வருடமாக ஒரே பதில்தான். அவியலை நகர்த்திவிட்டு நிதானமாகச் சொல்வான்: “வராதுன்னு சொன்னேம்லா மக்கா. வந்துதா?”

வரவில்லை.