கோவூரின் அறைகூவல்

பிறர் உள்ளத்தை அறிதல், மறைந்துள்ள பொருளைக் காணுதல், வருவதை முன்னுரைத்தல் ஆகிய ஆற்றல்கள் மெய்யாகவே சிலர்க்கு உண்டோ என்னும் வினா பழமையானது. அதனை வாய்வாதமாக விட்டுவிடாது, பணத்தைப் பணயம் வைத்து ஆராய முற்பட்டவர் ஆபிரகாம் டி. கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கையில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி முதலிய இடங்களில் தாவரவியல் கற்பித்த ஆசிரியர் அவர். ‘பிகான் காட்மென்’ என்னும் அவருடைய ஆங்கில நூல் 1976இல் வெளிவந்தது.

1963இல் அவர் விடுத்த அறைகூவலைப் பலரும் அறிவர். ஏமாற்றுக்கு இடந்தராத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோர்க்கு இலங்கை நாணயத்தில் ஓரிலட்சம் ரூபாய் பரிசு. உறையிலிட்டு முத்திரை வைத்த ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்தல் அவர் குறித்த செயல்களுள் ஒன்று. 1978இல் அவர் மறையும்வரை பரிசை வென்றார் எவருமிலர்.

இதனாலேயே அத்தகைய ஆற்றலுடையோர் இலர் என முடிவு கட்டலாமா? கட்டலாகாது. போட்டிக்கு வருவோர் 1000 ரூபாய் வைப்புத்தொகை கட்டவேண்டும் என்று கோவூர் விதித்திருந்தார். விளம்பரம் தேடுவோரை விலக்கவே அவ்விதி என்றார். தோட்டத்துக் கோயிலில் வெற்றிலை பாக்கும் சில்லறைக் காசும் பெற்றுக் குறி சொல்லும் ஏழை அத்தொகைக்கு எங்கே போவான்? வராதவர்களையும் தோற்றவர்களாக எண்ணுதல் அறிவியல் நெறியன்று.

அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்து ஜே. பி. ரைன் கையாண்ட முறை இதனினும் பயனுடையது. ஐவகைக் குறிகள் கொண்ட 25 அட்டைகளைப் பாராமலே சொல்லச் செய்தார். குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரி 5 சரியாக வரும். அதற்கு மேலும் சொல்லவல்லார் உளர் என 1934இல் எழுதினார். கட்டுப்பாட்டை இறுக்கிப் பிறர் செய்து பார்த்தபோது அம்மிகை நிலைக்கவில்லை. ஓரிலட்சம் ரூபாயைக் காட்டிலும் இக்கணக்கே ஐயத்தைப் பெரிதும் தீர்க்கிறது. எவரும் எங்கும் திரும்பச் செய்து பார்க்கலாம் அல்லவா?

நூலில் நெஞ்சில் நிற்பது வேறொரு செய்தி. கல்கத்தாவில் பயின்ற நாளில் கோவூரிடம் ஊரார் கங்கை நீர் கேட்டனர். அவர் தம் ஊர்ப்பக்கத்து நீரையே கங்கை நீரென்று கொடுத்தார். அதனால் நோய் தீர்ந்தது என்று பலர் வந்து கூறினராம்! கூறியவர்கள் பொய்யர்கள் அல்லர். குறி சொல்வோருள்ளும் பலர் இவ்வினத்தவரே. தம்மிடம் ஆற்றல் உண்டென்று உளமார நம்புகிறவர்கள். நூலின் பெயரோ அவர்களையும் எத்தரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

பேய் பிடித்தோர் எனக் கொண்டுவரப்பட்டவர்களை அவர் நடத்திய விதத்தில் இக்கடுமை இல்லை. அறிதுயிலில் ஆழ்த்தி, அடிமனத்துத் துயரைக் கேட்டறிந்து ஆறுதல் தந்தார். அத்தகைய வரலாறு ஒன்றே 1973இல் ‘மறுபிறவி’ என்னும் திரைப்படமாயிற்று. ஆனால் இவ்வரலாறுகளுக்குப் பெரும்பாலும் கோவூர் ஒருவரே சாட்சி. குறிகாரரிடம் அவர் கேட்ட ஆதாரத்தை வாசகர் அவரிடம் கேட்டால், இந்நூல் போதிய விடை தரவில்லை.

வலிப்புக் கண்ட பிள்ளையைக் குறி கேட்கத் தூக்கிச் செல்லும் தாய் இன்றும் உண்டு. குறிகாரர் நல்லவர், வஞ்சமறியாதவர் என்பது அவளுக்குத் தெரியும். எத்தர் என்று ஏசினால் அவள் காது கொடாள். அவர் நம்பிச் சொன்ன சொல்லுக்காகவும் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது என்பதை அவளுக்கு விளங்க உரைக்கும் பக்கங்கள் இந்நூலில் மிகக் குறைவு.