பிராய்லரை விட்டால் போதுமா?

“பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதை விட்டுப் பயறுக்கு மாறுங்கள், தீங்கே இல்லை” என்னும் அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் இரு பிழைகள் உள்ளன.

முதலாவது: பிராய்லரின் விரைந்த வளர்ச்சிக்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமுமே, ஹார்மோன் அன்று. மெய்யான கவலை, பண்ணைகளில் தேவையின்றித் தரப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அவற்றால் பெருகுகின்றன. கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிகளுக்கும் உணவுக்கான கால்நடைகளுக்கும் தருவதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது இதனாலேயே.

இரண்டாவது: பயறு நல்ல புரத உணவுதான், ஆனால், சமைக்கும் முறையைச் சொல்லாத அறிவுரை அரைகுறையானது. ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் நன்கு வெந்தால்தான் அழியும். அரைவேக்காடாக உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு. நீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகையால், மலையடிவாரச் சேலத்தில் போதுமான சமையல் நேரம் அங்கே போதாது. பயறை இரவெல்லாம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் குழைய வேகவையுங்கள். அதனுள் வெப்பநிலை 110 டிகிரியைத் தாண்டும்.

எதை உண்பது என்பதோடு, எப்படிச் சமைப்பது என்றும் கேளுங்கள்.