நோவாவின் சாபம்: பேசியவர் யார்?

உலகின் தோற்றத்தையும் ஆதிப் பிதாக்களின் வரலாற்றையும் எடுத்துரைக்கும் ஆதியாகமப் பகுதிகளுள், மனிதர் மனிதரை ஒடுக்குவதற்கு மிகுதியாகக் கையாளப்பட்டது எது என வினவினால், 9:20-27 எனும் எட்டு வசனங்களையே சுட்ட வேண்டும். ஜலப்பிரளயத்திற்குப் பின் நோவா திராட்சத் தோட்டம் இடுகிறார். அதன் இரசத்தைக் குடித்து வெறிகொண்டு கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். காம் அதனைக் கண்டு, வெளியே நின்ற சகோதரர் இருவருக்கும் அறிவிக்கிறான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்துவந்து, தந்தையைப் பாராமலே அவரைப் போர்த்துகிறார்கள். வெறி தெளிந்த நோவா சபிக்கிறார். சாபமோ காமின்மேல் விழவில்லை. அவனுடைய மகனாகிய கானான்மேல் விழுகிறது. அவன் தன் சகோதரருக்கு அடிமைப்படுவான் என்பதே சாபத்தின் சாரம்.

இப்பகுதியைத் திறனாய்வு நோக்கில் ஆராய்ந்து, அதற்கு நாம் வழக்கமாகக் கூறிவரும் விளக்கம் போதுமானதா எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சாபம் கையாளப்பட்ட விதம்

15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் சூராரா, ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளைப் பற்றி எழுதுகையிலேயே இச்சாபத்தைச் சுட்டினார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலப் பிரசங்க பீடங்களில் அடிமை முறைக்கு ஆதாரமாக இது ஓயாமல் எடுத்தாளப்பட்டது. காம் கறுப்பரின் தந்தை, ஆகவே கறுப்பர் பிறவி அடிமைகள் என்பது வாதம். மூலபாடத்திலோ நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காம் எனும் பெயர் கருமையைக் குறிக்கும் எபிரெயச் சொல்லிலிருந்து வந்ததென்ற பழைய கருத்தையும், 2003இல் வெளியான தம் விரிவான ஆய்வில் டேவிட் கோல்டன்பெர்க் மறுத்திருக்கிறார்.

வம்ச அட்டவணையைத் தத்தம் விருப்பப்படி வளைத்துக்கொள்வது எத்துணை எளிது என்பதற்கு நம் நாட்டைச் சார்ந்த சான்றும் ஒன்றுண்டு. 1792இல் கல்கத்தா ஆசியக் கழகத்தில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில், இந்துக்களையும் கிரேக்கரையும் உரோமரையும் காமின் வழித்தோன்றல்களாகவே வகுத்தார். அடிமை வணிகர் எவரை இழிவுபடுத்தக் காமின் பெயரைச் சொன்னாரோ, அதே காம் இங்குப் புகழ்மிக்க நாகரிகங்களின் தந்தையாகிவிடுகிறான். பெயர் ஒன்றே, அதனைக் கையாள்வோரின் தேவைகள்தாம் வேறு.

2. வழக்கமான மறுப்பும் அதன் குறைவும்

இக்கொடிய விளக்கத்திற்கு மறுப்பு எழாமல் இல்லை. பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், வெள்ளையரான தந்தையர்க்கு அடிமைப் பெண்களிடம் பிறந்த ஆயிரக்கணக்கானோர் காமின் சந்ததி என்று எவ்வாறு கொள்ளப்படுவர் என்ற வினாவை எழுப்பினார். கறுப்பினக் குருவாகிய அலெக்சாண்டர் குரூமெல், 1862இல் வெளிவந்த தம் நூலில் இவ்வசனத்தையே ஆராய்ந்து, சபிக்கப்பட்டவன் கானானேயன்றிக் காம் அல்லன் என நிலைநாட்டினார். ஆதி. 10:6இன்படி காமுக்குக் கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான் என நான்கு குமாரர் உளர். எகிப்துக்குத் தெற்கேயுள்ள நாடு கூஷின் பெயரையே தாங்குகிறது. அவன்மீது சாபம் இல்லை. நம் விளக்கவுரைகளிலும் பிரசங்கங்களிலும் பொதுவாகக் கூறப்படுவது இம்மறுப்பே.

வசனத்தின் அளவில் இது முற்றிலும் சரியானது. எனினும் இதனோடு நாம் நின்றுவிடலாமா? கூஷின்மேலிருந்து சாபத்தை அகற்றிக் கானான்மேல் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுகிறதா? கானானியரும் மனிதரே. ஓர் இனம் பிறப்பினாலேயே அடிமைத்தனத்திற்குரியது என்ற கொள்கை அப்படியே நிற்கிறது. இனத்தின் பெயர் மட்டுமே மாறியிருக்கிறது. சாலொமோன் தேசத்தில் மீதியாயிருந்த எமோரியர், ஏத்தியர் முதலானோரிடம் கட்டாய ஊழியம் வாங்கியதை 1 இராஜாக்கள் 9:20-21 கூறுகிறது. அத்தகைய நிலைமைக்கு முற்காலத்திலேயே காரணம் காட்டும் பகுதியாக இவ்வசனங்களைக் காணும் அறிஞர் பலர். அவர்கள் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

3. மூலபாடத்தில் காணும் இடறல்கள்

கவனமாய் வாசிப்போர்க்கு இப்பகுதியில் சில இடறல்கள் புலப்படும். காம் கானானின் தகப்பன் என்ற குறிப்பு 18ஆம், 22ஆம் வசனங்களில் இருமுறை இடையிற் செருகியதுபோல் வருகிறது. 24ஆம் வசனம் குற்றம் செய்தவனை இளைய குமாரன் என்கிறது. பெயர் வரிசையிலோ காம் எப்போதும் நடுவில் நிற்கிறான். தமிழில் ‘இளைய’ என்ற சொல் இம்முரணை ஓரளவு மறைத்துவிடுகிறது. எபிரெயச் சொல்லோ கடைசி மகனையே குறிப்பதாகப் பெரும்பாலும் கொள்ளப்படும். எனவே சேம், யாப்பேத், கானான் ஆகிய மூவரையே நோவாவின் மக்களாகக் கொண்ட பழைய மரபு ஒன்று இருந்ததென்றும், அது பின்னர் வேறொரு மரபோடு இணைக்கப்பட்டதென்றும் வெல்ஹவுசன் முதலான அறிஞர் கருதினர்.

காமின் குற்றம் யாது என்பதும் தெளிவாக இல்லை. கண்டான், சொன்னான் என்பதற்குமேல் கதை எதுவும் கூறவில்லை. பாபிலோனிய தால்மூத்தில் ரப்பிகள் இதனைக் குறித்து வாதிட்டு, கதையில் இல்லாத கொடுஞ்செயல்களை ஊகித்திருக்கின்றனர். தண்டனை அத்துணைப் பெரிதாயிருப்பதால் குற்றத்தையும் பெரிதாக்க வேண்டும் என்ற எண்ணமே அவ்வூகங்களுக்குக் காரணம் எனலாம். தண்டனை மிகையானது என்று கதையே உணர்த்துகிறதோ என அவர்கள் கேட்கவில்லை.

4. பேசியவர் யார்?

‘சபிக்கப்பட்டவன்’ எனப் பொருள்படும் எபிரெயச் சொல் ‘ஆரூர்’ என்பதாகும். ஆதியாகமத்தின் தொடக்கப் பகுதியில் இச்சொல்லின் வடிவம் நான்கு தீர்ப்புகளில் வருகிறது. ஏதேனில் பாம்பின்மேலும் நிலத்தின்மேலும், பின்னர் காயீன்மேலும் உரைக்கப்பட்டவை முதல் மூன்று (3:14, 3:17, 4:11). அம்மூன்றிலும் பேசுபவர் கடவுள். நான்காவதில் மட்டுமே பேசுபவர் மனிதர். இடையில் நிகழ்ந்தது யாது? பிரளயம் வடிந்தபின், இனி மனிதரை முன்னிட்டு நிலத்தைச் சபிப்பதில்லை எனக் கடவுள் தீர்மானிக்கிறார் (8:21). நோவாவையும் அவர் குமாரரையும் ஆசீர்வதிக்கிறார் (9:1). அக்குமாரருள் காமும் ஒருவன். கடவுள் சாபத்தைக் கைவிட்ட பின்னர், மனிதர் அதனைக் கையில் எடுக்கிறார்.

வேறொன்றும் கருதத்தக்கது. பேழையைக் கட்டும்போதும், அதற்குள் நுழையும்போதும், உலகமே நீரில் அழியும்போதும், பலிபீடம் கட்டும்போதும் நோவா பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. ஆதியாகமம் அவர் வாய்மொழியாகப் பதிவுசெய்திருப்பது 9:25-27 மட்டுமே. நீதிமான் என்று புகழப்பட்டவர் முதன்முறை வாய் திறக்கும்போது, தம் பேரனை அடிமையாகச் சபிக்கிறார். அப்போது கடவுள் பேசவில்லை. சாபத்தை அவர் உறுதிப்படுத்தியதாகக் கதையில் ஒரு குறிப்பும் இல்லை. வெறியிலிருந்து விழித்த தந்தையின் சொல்லைக் கடவுளின் ஆணையென்று வாசித்தவர் விளக்கவுரையாளரே.

5. ஓர் எதிர்வாதம்

பிதாக்களின் சொல் வெறுஞ்சொல்லன்று, அது தீர்க்கதரிசனமே என்று சிலர் கூறலாம். ஈசாக்கின் ஆசீர்வாதம் திரும்பப் பெறப்படவில்லை என்று 27ஆம் அதிகாரத்தைக் காட்டலாம். இவ்வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் 49:5-7ஐயும் உடன்வைத்து நோக்க வேண்டும். அங்கு யாக்கோபு தம் மரணப் படுக்கையில் சிமியோன், லேவி ஆகியோரின் கோபத்தை அதே ‘ஆரூர்’ எனும் சொல்லால் சபித்து, அவர்களைச் சிதறடிப்பதாக உரைக்கிறார். பிற்காலத்தில் லேவியரோ கடவுளின் பரிசுத்த பணிக்கெனப் பிரித்தெடுக்கப்பட்டனர். அவர்கள் இஸ்ரவேல் எங்கும் பரவியிருந்தது பணிக்குரிய நிலையாயிற்று. தந்தையின் சாபத்திற்கு மேலும் கடவுளின் செயல் உண்டு என்பதை ஆதியாகமத்தின் இறுதிப் பகுதியும் அதனைத் தொடரும் ஆகமங்களும் அறிந்திருக்கின்றன.

கானானின் வரலாறும் 9ஆம் அதிகாரத்தோடு முடியவில்லை. 10ஆம் அதிகாரம் இனங்களையெல்லாம் ‘மிஷ்பாஹா’ எனும் எபிரெயச் சொல்லால் வம்சம் வம்சமாக எண்ணுகிறது. கானானியரின் வம்சங்களும் அதில் உள்ளன (10:18). ஆபிராமை அழைக்கும்போது, அவர் மூலம் ஆசி பெறுவோராகக் கடவுள் குறிப்பிடுவதும் பூமியின் எல்லா ‘மிஷ்பாஹா’க்களையுமே (12:3). அவ்வெண்ணிக்கையிலிருந்து கானான் நீக்கப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லை. மாற்கு சீரோபேனிக்கியப் பெண் எனக் குறிப்பவளை, மத்தேயு தம் காலத்தில் வழக்கற்றுப்போன பழம்பெயரால் கானானியப் பெண் என்கிறார் (15:22). அப்பெண்ணின் விசுவாசமே ஆண்டவரால் பெரிதென்று போற்றப்பட்டது.

6. பிரசங்க பீடத்திற்கு

திருமறையில் எழுதப்பட்டிருப்பது அனைத்தையும் ஒரே குரலின் சொல்லாக வாசிக்கும் வழக்கத்தையே இப்பகுதி சோதிக்கிறது. யோபின் நண்பர் சொன்னதும் திருமறையிலேயே உள்ளது. கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டதும் அங்கேயே உள்ளது. யார் பேசுகிறார், எந்நிலையில் பேசுகிறார், கடவுள் அதனை ஏற்றாரா என்ற வினாக்களை எழுப்புவது விசுவாசக் குறைவாகாது. அது வாசிப்பின் கடமை. இவ்வினாக்களை எழுப்பாத பிரசங்கியார் பலர் அடிமைச் சந்தைக்கு வேதவசனம் வழங்கினர். அமெரிக்காவின் தெற்கத்திய பாப்திஸ்து மாநாடு, அடிமை முறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரியது 1995இல்தான்.

பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சாதி நம் சபைகளின் கல்லறைத் தோட்டங்கள்வரை வந்து நிற்கும் நாட்டில், நோவாவின் சாபத்தைப் பற்றிப் பேசும் போதகர், ‘இது நம்மைக் குறித்ததன்று’ என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடலாகாது. எவரைக் குறித்தும் இது கடவுளின் சொல்லாகக் கதையில் வரவில்லை என்பதையும் சபையார்க்கு எடுத்துரைக்க வேண்டும்.