கணையாழியும் அமானிதமும்

'மகத்தான நூற்றாண்டு' (2011–2014) என்னும் துருக்கித் தொலைக்காட்சித் தொடரில், சுல்தான் சுலைமான் தம் கையால் செய்த மரகத மோதிரமே பார்வையாளர் மனத்தில் பதிந்தது. அதன் நகல்கள் கடைத்தெருக்களில் விற்பனையாயின. சுலைமான் பொற்கொல்லர் தொழில் கற்றவர். ஆதலால் அக்காட்சியை நாம் பழிக்கவில்லை. ஆயினும், உஸ்மானிய ஆட்சியின் உயிர்நிலை சுல்தானின் முத்திரையில் இருந்தது. தலைமை வஸீர் அதனைச் சுமந்தார். அது திரும்பப் பெறப்பட்டால் பதவியும் போயிற்று.

நபி (ஸல்) அவர்கள் வெள்ளிக் கணையாழி செய்வித்ததும் மன்னர்களுக்கு எழுதிய மடல்களில் முத்திரையிடவே. அது மூன்று கலீஃபாக்களின் கைகளுக்கு அடுத்தடுத்து வந்தது. உஸ்மான் (ரலி) காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தபோது, மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. அவர்கள் தேடியது அணிகலனை அன்று; அமானிதத்தை. காதற்சின்னத்திற்குத் தொடர் தந்த அழுத்தத்தில் மங்கிப்போனது இப்பொருளே.